மூணு பேர் போட்ட மார்க்கு

ஹலோ... சித்தி, பிரீத்திகா பேசுதேன். வேன் எங்கன வருது? நான் ரொம்ப நேரமா தெருமுக்குலயே நிக்கேன், பொங்கப் பானையோட...

என்னது, சாத்தூர் தாண்டியாச்சா? இருக்கன்குடி கோயிலுக்கு நானும் வாரேன்னு சொல்லிருந்தேன்ல... மறந்துட்டீகளா?

ஆமா... ஆமா... மறக்கல. புரியுது சித்தி. ஹரிக்கு வேலை குடுக்கலன்னுதான...

இல்ல, கொஞ்சம் கேளுங்க. நம்ம ஏழாயிரம்பண்ணை பட்டாசு யூனிட்டுக்குப் போர்மேன் எடுக்கணும். வந்தவுக எல்லாருக்கும் ஒரே கேள்விதான். நான், மேனேஜர் சீனிவாசகம் அண்ணாச்சி, வெளிய இருந்து வந்த சேப்டி ஆபீசர்... ஒருத்தர ஒருத்தர் கேக்காம தனித்தனியாத்தான் மார்க்கு போட்டோம். அப்புறந்தான் கூட்டிப் பாத்தது. உங்க மகன், என் தம்பின்னு கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல...

ஆமா, கூட மார்க்கு வாங்கி வேலைக்கு வந்தது பாண்டிமீனாதான். ஆமா, நம்மகிட்ட வெடிக்கு மருந்து அடைச்ச கருப்பம்மா மகதான்... அப்பிடிப் பேசாதீக சித்தி. கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ள.

என்ன கேள்வியா? வெயில் ஏறிருச்சு, வெடிமருந்து ரூம்ல ஆளு கூடிப்போச்சு, லோடு போயே ஆகணும்னு முதலாளி போன்ல சத்தம் போடுதாரு, என்ன செய்வ? அம்புட்டுதான். ஹரி, ‘அக்கா சொன்னாச் சரி’ன்னான். அந்தப் பிள்ள, ‘ஆளுகள வெளிய அனுப்பிட்டுத்தான் போனையே எடுப்பேன்’னு சொல்லுச்சு. அந்த முதலாளி நாந்தான சித்தி! சீசன்ல எனக்கே புத்தி மாறிப்போகும். அன்னைக்கு என்னத் தடுக்க ஒரு ஆளு வேணும்ல...

நெசமாவா? வேனத் திருப்பச் சொல்லுதீகளா? வாங்க, வாங்க, நான் இங்கனதான்...

ஓ... பாண்டிமீனாவ வேண்டாம்னு சொன்னாத்தானா.

சித்தி... அப்பா தவறினப்புறம் எனக்குன்னு நீங்க மட்டுந்தான் இருக்கீக. ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்கு வந்தாத்தான் நாலு வார்த்த வாய் விட்டுப் பேசுதேன். எங்க வீட்டுல பேச்சுத் துணைக்கு மிக்சி சத்தந்தான். இதெல்லாம் யோசிக்காமயா முடிவு பண்ணேன்?

...இல்ல. மாத்த மாட்டேன் சித்தி.

சரி... சரி... திட்டுங்க. ஹரிகிட்ட ஒரு நிமிசம் குடுங்களேன்... பேச மாட்டானா? காலையில இருந்து சாப்பிடவும் இல்லையா? அய்யோ... ஸ்பீக்கர்லயாச்சும் போடுங்க.

ஏலே ஹரி... அக்காதான்லே. கோவம்னா என்கிட்ட வச்சுக்கோ. வெறும் வயித்தோட வெயில்ல நிக்காத... ஏதாச்சும் வாங்கித் தின்னுட்டு...

ஹரி?

ஹலோ... சித்தி... போன வச்சுட்டீகளா? ஹலோ...