வேதமாணிக்கம் வீட்டுப் பள்ளிக்கூடம்

இந்த பெஞ்சுல ஒக்காருங்க போதகரய்யா. ஊர்க்காவலண்ணன் உங்க சைக்கிளுக்குப் பஞ்சர் பாத்துக் குடுத்துருவாரு, செத்த நேரந்தான். அதுவரைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லட்டுமா? ஆனா இப்பவே சொல்ல மாட்டேன். இப்பச் சொன்னா நீங்க சிரிக்க மாட்டீக. பத்து மணி ஆகட்டும்.

எங்க அப்பாவப் பாக்கத்தான போறீக, இன்னிக்கு அவரு லீவு. தெரியும். எங்க வீட்டுப் பள்ளிக்கூடத்தப் பத்தி சபைப் பத்திரிகைல எழுதப் போறீகன்னு பிரசுல சொன்னாக. கன்வென்ஷன் கூட்டத்து நோட்டீஸ் புரூப் பாக்க உள்ள போனீக, வெளிய வந்தா முன்சக்கரத்துல காத்து இல்ல. சாத்தான் வேலதான், வேற என்ன. நல்லவேள, நான் அங்கன நின்னேன்.

அப்பாவ உங்களுக்கு கோயில்ல தெரியும். வெள்ள வேட்டி, மொத வரிச, எல்லாருக்கும் முந்தி ஆமென். தீப்பெட்டிக் கம்பெனில கணக்கெழுதுற வேதமாணிக்கம். வீட்டுல எப்படின்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. நான் சொல்றேன், வேணுங்கிறத எழுதிக்கோங்க.

பள்ளிக்கூடத்துல சரஸ்வதி பூச நடந்துச்சா. எங்க வீட்டுச் சின்னதுக ரெண்டும், கிருபைக்கு எட்டு வயசு, சாலமோனுக்கு ஆறு, நெத்தி நெறைய குங்குமமும் வாய் நெறைய சுண்டலுமா வந்து நின்னுச்சுக. அப்பா கொரல்ல சொல்றேன் கேளுங்க. அடியே பொன்னுத்தங்கம், விக்கிரகம் கும்பிடுற எகிப்து நம்ம வாசப்படி ஏறி வந்துருச்சு பாத்தியா. இது அம்மா கொரலு. எகிப்து இல்லீக, சுண்டலு. மூஞ்சியக் கழுவி விட்டாப் போயிரும்.

போகல. மறுநாளே ரெண்டையும் நிறுத்திட்டாரு. இனிமே வீடுதான் பள்ளிக்கூடம்னுட்டாரு. அம்மா அழுத அழுகையில ஒரு வாரத்துல மனசு மாறியிருப்பாரு. ஆனா அந்த ஞாயித்துக்கிழம நீங்க பிரசங்கத்துக்கு நடுவுல அவர எந்திரிச்சு நிக்கச் சொல்லி, இதோ ஒரு தகப்பன்னு காட்டினீக. அன்னிக்கு ஏறினவரு இன்னும் எறங்கல. சபையே பாத்துருச்சே, எப்படி எறங்குவாரு?

என்னையா? என்னைய நிறுத்தல. நான் எஸ்.எஸ்.எல்.சி. ஏலே ஞானதொர, நீ கெட்டது கெட்டுட்ட, பரீச்சைய எழுதிட்டு மிச்சத்தக் கெடுத்துக்கோன்னுட்டாரு.

காலைல அப்பா கம்பெனிக்குக் கெளம்புற வரைக்கும் அவருதான் ஹெட்மாஸ்டரு. பாயில இருந்து எந்திரிச்சு அப்படியே ஒக்காந்தா பள்ளிக்கூடம் மாதிரி இருக்காதாம். அதனால பிள்ளைக பையத் தூக்கிட்டு அடுக்களை வாசல் வழியா வெளிய போயி, வீட்டச் சுத்தி, முன்வாசல் வழியா உள்ள வரணும். ஒருநா சாலமோன் வேலியில ஓணானப் பாத்துக்கிட்டே நின்னுட்டான். லேட்டுன்னு முட்டி போட வச்சாரு. வீட்டச் சுத்தி வாரதுக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு லேட்டானவன் இந்தத் தாலுகாவுலயே எங்க சாலமோன் ஒருத்தந்தான்.

பூகோளம்னா வேதபுத்தகத்துக்குக் கடைசியில இருக்குற படம். யோர்தான் எங்கருந்து எங்க ஓடுதுன்னு கிருபை கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவா. நம்மூரு வைப்பாறு தெரியாது. சிவகாசி எங்கிட்டுருக்குன்னு கேட்டேன். எரிகோவுக்குத் தெக்கங்கிறா. தெக்கதான், தப்புன்னு சொல்ல முடியாது. கணக்குன்னா மெத்தூசலா வயசுல நோவா வயசக் கழி. சரித்திரம் ஆதாம்ல இருந்து ஆரம்பிச்சாரு. இன்னும் ஏதேன் தோட்டத்த விட்டே வெளிய வரல. எப்ப மதுரைக்கு வந்து சேருறது?

அப்பா கம்பெனிக்குப் போயிட்டா அம்மாதான் டீச்சர். கிருபை, ஏழாம் வாய்ப்பாடு சொல்லு தாயி, எனக்குத் தெரியாது, தப்பாச் சொன்னா நீயே திருத்திக்கோ, நான் புளியக் கரைச்சுட்டு வாரேன்.

உங்க பிள்ளைக சவுக்கியமாய்யா? பாளையங்கோட்டைல போர்டிங்குலதான இருக்காக? அங்கன பூகோளமே இங்கிலீசுல நடத்துறாகளாம்ல. நல்லது. இல்லய்யா, சும்மாத்தான் கேட்டேன்.

சிரிக்கிறீகளே, நான் சொன்னது இந்தச் சிரிப்பு இல்ல. அது இன்னும் வரல.

எல்லாப் பிள்ளையும் பள்ளிக்கூடத்துல இருந்து வீட்டுக்கு ஓடியாரும். எங்க சாலமோன் வீட்டுல இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டான். இப்பப் புதுசா மதியச் சாப்பாடு போடுறாகள்ல, அந்த வரிசையில தட்டோட ஒக்காந்துருக்கான். அப்பா போயி கையப் புடிச்சு இழுத்தாரு. கருப்பணன் வாத்தியாரு கொரலு எப்பவும் மூக்குல இருந்துதான் வரும். என்னங்க வேதமாணிக்கம், பிள்ள ஒரு வாய் சாப்பிட்டு வரட்டுமே. அப்பா விட்டாரா? எங்க வீட்டுல சோறு இருக்குய்யா. அதுக்கு சாலமோன் என்ன சொன்னான் தெரியுமா? சோறு இருக்குப்பா, அங்கன யாரும் இல்லையேன்னான்.

இல்ல, இதுக்கும் சிரிக்க வேணாம்.

ஒருநா சாயங்காலம் வீட்டுக்கு வாரேன், பின்கட்டுக்குள்ள ஒரு வகுப்பே இருக்குற சத்தம். யாருடா இம்புட்டுப் பேருன்னு கதவிடுக்குல பாத்தா கிருபை மட்டும் ஒக்காந்துருக்கா. ஆஜர் எடுக்கிறா. மாடத்தி. உள்ளேன் ஐயா. செல்லக்கனி. உள்ளேன் ஐயா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கொரல்ல. கொரல் மாத்துறது என்கிட்ட இருந்து தொத்தினது. மாடத்தி எப்படி இழுப்பாளோ அப்படியே இழுக்கிறா. அப்புறம் கிருபைன்னு கூப்பிட்டா. பதில் சொல்லல. பெறகு அடுத்த பேருக்குப் போயிட்டா.

அவ வகுப்புல மொத ரேங்கு, ஐயா.

அன்னிக்குத்தான் நான் யோசிச்சேன். நான் பேசினா அப்பா பெல்ட்ட எடுப்பாரு. அம்மா பேசினா ஒரு வாரத்துக்கு உபவாச ஜெபம். வேற யாரு பேசினா கேப்பாருன்னு யோசிச்சேன். கெடைச்சுது.

மணி என்ன? பத்து தாண்டிருச்சா? அப்பச் சரி. ஊர்க்காவலண்ணே, தேடினது போதும், விடுங்க. டியூப்ல ஓட்டையே இல்லய்யா. காத்து வெளிய போகாம நிறுத்துற வால்டியூப்பு என் சட்டப்பைல இருக்கு. இந்தாங்க. கோவப்படாதீக. சாத்தான் இல்ல, நாந்தான். நீங்க பத்து மணிக்கு முன்னால எங்க வீட்டுக்குப் போயிரக் கூடாது, அதுக்குத்தான். ஒக்காருங்க, இப்பத்தான் சிரிப்பே வருது.

பிரசுல சீனிச்சாமின்னு என் சேக்காளி இருக்கான். போன வெள்ளிக்கிழம மொதலாளி சாப்பிடப் போன நேரத்துல அங்கன இருக்குற டெலிபோன எடுத்தேன். எக்ஸ்சேஞ்சு அம்மாட்ட தீப்பெட்டிக் கம்பெனியக் கேட்டேன். அப்பாதான் பேசினாரு. நான் ஒடனே பேசல. மொதல்ல ஒரு செருமல். அப்புறம் பொடிய ஒரு இழுப்பு. அப்புறம் நிதானமா, பிரியமான வேதமாணிக்கம், ராத்திரி ஜெபத்துல எனக்கு ஒரு பாரம் உண்டாச்சு. பிரியமானவரே, பிள்ளைகள வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சா சாட்சி யாருக்கு? பத்துப் பிள்ளைகளுக்கு நடுவுலதான தெரியும், நம்ம பிள்ள யாருன்னு. திங்கக்கிழம காலைல ரெண்டு பேரையும் பள்ளிக்கூடத்துல சேத்துருங்க. இத நம்ம ரெண்டு பேருக்குள்ள வச்சுக்குவோம்.

கம்பெனில உக்கிரபாண்டி அண்ணாச்சி பக்கத்துல நின்னு பாத்துருக்காரு. அப்பா நாக்காலிய விட்டு எந்திரிச்சு, செருப்பக் கழட்டி ஓரமா வச்சுட்டு, அந்தப் போன் டப்பாவப் பாத்துக் கும்பிட்டாராம். கண்ணுல தண்ணியாம். சந்தோசத் தண்ணி. அவருக்கும் எறங்க ஒரு ஏணி வேண்டியிருந்துச்சு, பாவம்.

சிரிங்க, சிரிங்க. இந்தச் சிரிப்பத்தான் சொன்னேன். கண்ணத் தொடச்சுக்கோங்க.

யாரு கொரலா? நீங்களே சொல்லுங்க.

பேராயரா? பேராயரு பொடி போட மாட்டாரே.

அந்தா, அப்பா வாராரு. பாத்தீகளா, பிள்ளைக கையில இல்ல. இன்னிக்குத் திங்கக்கிழம, ரெண்டையும் சேத்தாச்சு. உங்களப் பாத்துட்டாரு. நடுரோட்டுல செருப்பக் கழட்டுறாரு பாருங்க. நேரா உங்க காலப் புடிச்சு நன்றி சொல்லப் போறாரு. அது நான் இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, அப்படியே திரும்பிப் போயி ரெண்டையும் இழுத்துட்டு வந்துருவாரு. எனக்குப் பெல்ட்டு விழும், அது பழக்கந்தான். கிருபை மறுபடியும் பின்கட்டுல தனியா ஆஜர் எடுப்பா.

ஏன்யா கை அப்படியே நிக்குது? பொடி சிந்துது. மூஞ்சி ஏன் இப்படிச் செவக்குது?

ஆமாய்யா.

நீங்களே பேசுங்க. நான் வாயத் தொறக்கல. ஒரே கொரல்ல ரெண்டு பேரு பேசினா நல்லா இருக்காது.