நத்தைப் பசை

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள், "நத்தையப் பார்த்து பசை செஞ்சிருக்கா எம்பொண்ணு, அக்கா."

"நத்தையா?"

"அதோட வழவழப்பு காய்ஞ்சா சுவத்துல ஒட்டிக்குதில்ல, அந்த மாதிரி. வேலம்பிசினும் கஞ்சியும் கலந்து ரெண்டு கட்டைய ஒட்டி, தண்ணி பாட்டில் தொங்கவிட்டா. பெத்தவங்கள வரச்சொல்லி ஸ்கூல்ல சோதிச்சாங்க. மத்த புள்ளைங்களது எல்லாம் விழுந்துடுச்சு."

"நீ பார்த்தியா?"

"பௌர்ணமி கிரிவலக் கூட்டம்க்கா. லாட்ஜ்ல வேலை ஜாஸ்தின்னு விடல. நான் போறதுக்குள்ள ஹால் காலி. இவ மட்டும் உக்காந்திருக்கா."

"பாட்டில்?"

"தொங்கினுதான் இருந்துச்சு. 'இன்னும் விழலையேடி'ன்னேன். 'அது விழாதும்மா. எல்லா அம்மாவும் பார்த்துட்டுப் போயிட்டாங்க'ன்னா."