ஹோபர்ட் இறக்கி வச்ச தண்ணி கேன்

...அவ எனக்கு வக்கீலா, இல்ல என் எதிராளிக்கு வக்கீலா? நீங்களே சொல்லுங்க தம்பி! நீங்களும் இந்த ஊனப் பணக் கேஸுக்குத்தானே வந்திருக்கீங்க? முட்டியில பட்டை போட்டிருக்கீங்களே, அதான் கேட்டேன். உள்ள ஜட்ஜு கூப்பிடுற வரைக்கும் ஒரு மணி நேரம் இந்த நாற்காலியிலதான் கெடக்கணும். பேசிட்டிருப்போம்.

நானா? உக்காரல, பரவால்ல. எனக்கு நிக்கத்தான் புடிக்கும். இப்படிக் கொஞ்சம் குனிஞ்சு, சுவத்தப் புடிச்சுக்கிட்டு... இது ஒரு சொகம்.

என் பேரு ஆர்வில். ஆர்வில் ஸ்டிட்ஹம். கெண்டக்கி மலையில இந்தப் பக்கம் எங்க கேட்டாலும் சொல்வாங்க. நல்லதாச் சொல்வாங்களான்னு கேக்காதீங்க. நெலக்கரிச் சொரங்கத்துல கூரை இடிஞ்சு விழாம போல்ட் அடிக்கிற வேல. நாள் பூரா குனிஞ்சே நிக்கணும். ஒரு நாள் ஒரு பாறை வந்து முதுகுல உக்காந்துச்சு. அன்னியோட சரி. ஊனப் பணம் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டேன். இல்லன்னு வந்துச்சு. மறுபடியும் போட்டேன். மறுபடியும் இல்ல! என்னைய ஒருத்தன் பாக்கக்கூட இல்ல தம்பி, எங்கயோ உக்காந்துக்கிட்டு இல்லங்குறான்.

அப்பத்தான் இந்த வக்கீல் பொண்ணப் புடிச்சேன். டாக்கெட்டுன்னு பேரு. ஜெயிச்சாத்தான் கூலி, தோத்தா ஒண்ணும் வேணாம்னா. நல்ல பொண்ணுதான்னு நெனச்சேன். இந்தக் கேஸு போச்சுன்னா நான் வீட்ட வித்துட்டு ஒஹாயோல என் தங்கச்சி வீட்டுக்குப் போகணும். என் தங்கச்சியப் பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. பாத்திருந்தா எனக்காக இப்ப அழுதிருப்பீங்க.

அந்தப் பொண்ணு எனக்குப் பாடம் எடுத்தா. "மிஸ்டர் ஸ்டிட்ஹம், ஜட்ஜு கேட்டா உங்க நல்ல நாளச் சொல்லாதீங்க, சாதாரண நாளு எப்படிப் போவுதோ அப்படியே சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம். வீராப்பு மட்டும் கூடவே கூடாது"ன்னா. எனக்கு என்ன வீராப்பு? எனக்கு வீராப்பே கெடையாது. இந்த மாவட்டத்துலயே வீராப்பு இல்லாத ஆளு நான்தான், சவால் விட்டுச் சொல்றேன்!

இன்னைக்கு உள்ள போனோமா... சத்தியம் வாங்குனாங்க. பேசுறதையெல்லாம் பதிய டேப்ப ஓட விட்டாங்க. ஜட்ஜு நல்ல மனுசன் மாதிரிதான் இருந்தாரு. "எப்படி இருக்கீங்க மிஸ்டர் ஸ்டிட்ஹம்?"னு கேட்டாரு. நான் என்ன சொல்லுவேன்? மரியாதப்பட்ட மனுசன் என்ன சொல்லுவான்? "ஒரு கொறையும் இல்லங்க ஐயா, ரொம்ப நல்லா இருக்கேன்"னேன். மேசைக்கு அடியில அந்தப் பொண்ணு என் கால மிதிச்சா பாருங்க! இருக்குற ஊனம் பத்தாதுன்னு புதுசா ஒண்ணு.

அது போகட்டும். அதையாவது மன்னிக்கலாம். அந்த ஹோபர்ட்ட மன்னிக்க முடியுமா?

ஹோபர்ட் யாருன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? சொல்றேன். பக்கத்து வீட்டுக்காரன். சர்ச்சு விருந்துல, அத்தன பேரு முன்னாடி, நான் செஞ்ச சோள ரொட்டியில சீனி போட்டிருக்கேன்னு சொன்னவன்! சீனி! எங்க ஊருல ஒருத்தனத் திருடன்னு சொல்லலாம், குடிகாரன்னு சொல்லலாம். சோள ரொட்டியில சீனி போடுறவன்னு சொன்னா குடும்பத்துக்கே கேவலம். அன்னையிலேருந்து அவனோட நான் பேசுறதில்ல. அவன் பேசுவான், நான் பதில் சொல்லுவேன். ஆனா பேசுறதில்ல.

சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்னா வக்கீலு. "உங்கள தெனமும் பாக்குறவங்க, உங்க செரமம் தெரிஞ்சவங்க யாராச்சும்"னா. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. மச்சானோட சண்ட. பாதிரியாரோட சண்ட. தபால்காரனோட... அது வேற கத, அவன் நாயி செஞ்ச வேல. எண்ணிப் பாத்தா இந்த ஹோபர்ட் ஒருத்தன்தான் மிச்சம். சரி, வாடான்னேன்.

தம்பி, அவன் உள்ள உக்காந்து என்ன பேசுனாங்குறீங்க! "ஆர்விலால சட்டப் பொத்தான் போட முடியாதுங்க, பாவம்." பாவமாம்! "ஷூ லேஸு நான்தான் கட்டி விடுவேன். ஊறுகா பாட்டில் மூடியக்கூட என் சம்சாரந்தான் தொறந்து குடுப்பா, பாவம். சர்ச்சுல பாட்டுக்கு எல்லாரும் எந்திரிச்சா இவனுக்கு நான் கக்கத்துல கை குடுக்கணும். பாட்டு முடியிறப்பத்தான் நிமிந்து நிப்பான்." மூணாந்தடவயும் பாவம்னான்! ஜட்ஜு தலையாட்டுறாரு. அந்தப் பொண்ணு மொகத்துல சிரிப்பு. "வேற என்னென்ன முடியாது?"ன்னு எடுத்துக் குடுக்குறா! நான் காசு குடுத்து... சரி, குடுக்கல, ஜெயிச்சாத்தான் குடுக்கணும்... எனக்கு ஆள் வச்சு என்னையே அவமானப்படுத்துறா!

"அடேய் பொய்யி!"ன்னு எந்திரிச்சேன். "உக்காருங்க மிஸ்டர் ஸ்டிட்ஹம்"னா அவ. எங்க உக்கார? மூலையில தண்ணி மெஷினு, பக்கத்துல ரொம்புன கேன் ஒண்ணு நின்னுச்சு. பெரிய கேனு. போயி, குனிஞ்சு, ஒரே தூக்கு! நெஞ்சோட அணச்சுக்கிட்டு ஜட்ஜப் பாத்துத் திரும்பி நின்னேன். "இப்பச் சொல்றா ஹோபர்ட்டு, ஊறுகா பாட்டிலாம்!"னேன்.

 அந்தப் பொண்ணு மொகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. கேஸு அங்கயே செத்துப் போச்சுன்னு எல்லாரும் நெனச்சாங்க. நானே நெனச்சேன். ஒஹாயோ கண்ணு முன்னால வந்துச்சு, தங்கச்சி கதவத் தொறக்குற மாதிரி.

அப்ப வக்கீல் பொண்ணு எந்திரிச்சு, மெல்லமா, பாலு மாதிரிக் கொரல்ல சொன்னா: "மிஸ்டர் ஸ்டிட்ஹம், அத இறக்கி வைங்க."

தம்பி... எறங்கல.

முதுகு புடிச்சுக்கிச்சு. கைய விட்டா கால்ல விழும், குனியலாம்னா இடுப்பு வரல. பேரப்புள்ளயத் தூக்குன மாதிரி நிக்கிறேன். "எறக்குறேன் ஐயா, அவசரம் என்ன"ன்னேன். ஜட்ஜு காத்திருக்காரு. வேர்த்துக் கொட்டுது. கடைசியில அந்தப் பய ஹோபர்ட் வந்து, "விடுறா ஆர்விலு, நான் வாங்கிக்கிறேன்"னு கைக்கொழந்தைய வாங்குற மாதிரி வாங்கி வச்சான். அவ உடனே, "சாட்சிதான் கேன இறக்கி வச்சாருங்கறதப் பதிவு பண்ணிக்கணும் ஐயா"ங்குறா! டேப்புல! அரசாங்க டேப்புல!

ஃபோன்ல ஒரு ஆளு இருந்தான். நாட்டுல என்னென்ன வேல இருக்குன்னு சொல்றதுதான் அவன் வேல. நமக்குச் செய்ய ஒரு வேலயும் இல்லன்னு அவன் சொன்னாத்தான் பணம். ஜட்ஜு அவன்கிட்ட, "ஒருத்தர் ஒரு தடவ தூக்குவாரு, ஆனா எறக்கி வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வரணும். அவருக்கு ஏதாச்சும் வேல உண்டா?"ன்னாரு. அவன் தாளத் தாளாப் பொரட்டுற சத்தம் கேட்டுச்சு. "நாடு பூராத் தேடினாலும் இல்லைங்க ஐயா"ன்னான்.

ஜட்ஜு அங்கயே சொல்லிட்டாரு. எனக்குப் பணம் உண்டாம். ஜெயிச்சுட்டேனாம்.

என்ன சிரிக்கிறீங்க? கை எதுக்குக் குடுக்குறீங்க? கைய எடுக்க முடியல தம்பி, சுவத்த விட்டா... வேணாம். ஜெயிச்சதுதான் கொடுமையே! காலத்துக்கும் அந்த டேப்புல ஹோபர்ட் எறக்கி வச்சான், ஆர்விலால முடியலன்னு இருக்குமே! மேல அப்பீல் பண்ணுன்னு அவகிட்டச் சொன்னேன். "ஜெயிச்ச கேஸுக்கு அப்பீலா?"ன்னு தலையில கைய வச்சுக்கிட்டு ஓடிட்டா. நீங்க உங்க வக்கீலக் கேட்டுச் சொல்லுங்க, தீர்ப்பு அப்படியே இருக்கட்டும், அந்தக் கேன மட்டும் டேப்புலேருந்து...

தம்பி? எங்க போறீங்க? உங்களக் கூப்பிடவே இல்லையே! அந்தக் கதவு கக்கூஸு! முட்டியில பட்டையப் போட்டுக்கிட்டு இந்த ஓட்டம் ஓடுறீங்களே, ஜட்ஜு பாத்தா உங்க கேஸு அவ்வளவுதான்!

...போயிட்டான்.

யாரு... ஹோபர்ட்டா? வண்டியக் கொண்டாந்துட்டியா? என்ன மொறைக்குற? நான் சும்மாதான் நிக்கிறேன். சொகமா நிக்கிறேன். ஒரு கொறையும் இல்ல.

...ஏய், ஹோபர்ட். இங்க டேப்பு எதுவும் ஓடலல்ல?

நல்லாப் பாத்துச் சொல்லு.

அப்பச் சரி. புடி.