மூன்று இழுப்பு

கண்ணாடி இழைக் கேபிளுக்குள் செம்பு இருக்காது ஐயா. அது தெரியாமல் முதல் வருடம் எங்கள் பக்கத்து ஆட்களே இரண்டு இடத்தில் அதை வெட்டி, உரித்துப் பார்த்து, தலைமயிர் மாதிரி நாலு இழைதான் இருக்கிறது என்று வாய்க்காலில் வீசிவிட்டுப் போனார்கள்.

நான் கொம்பையா, கேபிள் மேஸ்திரி, சீவலப்பேரிக்காரன். பத்து வயதில் அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவன். தொண்ணூற்றைந்தில் டவுனில் ஒரு ஆபீஸ் முழுவதற்கும் ஒற்றைக் கறுப்பு வயர் இழுத்தோம். எல்லாக் கம்ப்யூட்டரும் அதிலேயே தொங்கும். தொண்ணூற்றேழில் மேசைக்கு ஒன்றாக முறுக்கிய செம்பு வயர். அதே அளவு கட்டடத்துக்கு இருபது மடங்கு போனது. போன வருடம் கங்கைகொண்டான் பக்கம் கணினி மையம் எழும்பியபோது, இனிமேல் கண்ணாடிதான் என்றார் மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயர் குருபிரசாத். "மிஷின் மாறிக்கிட்டே இருக்கும் கொம்பையா. கேபிள் போட ஆள் வேணும். பத்து வருஷத்துல நீ எங்கேயோ போயிருவ" என்றார்.

நான் நம்பினேன். முதல் வருடம் ஒரு உருளை கேபிள் இறக்கினோம். இந்த வருடம் பதினொன்று. கங்கைகொண்டான் வேலை தேறினால் அடுத்து ஏரல் வரைக்கும் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

பள்ளம் ஐந்தரை அடி ஆழம் இருக்க வேண்டும். அங்கே இரண்டடியில் பாறை. உடைத்தால் தவணை தாண்டிவிடும். அதனால் இன்ஜினீயர் அளவுகோல் விடும் இடங்களில் மட்டும் ஐந்தரை தோண்டினேன். எங்கே விடுவார் என்று எனக்குத் தெரியும். மர நிழல் உள்ள இடத்தில்தான் ஜீப்பை நிறுத்துவார். மற்ற இடமெல்லாம் இரண்டடி.

ஐந்தரை வேண்டும் என்ற கணக்கு எனக்கும் பலவேசத்துக்கும் மட்டும்தான் தெரியும். கடப்பாரை பிடித்தவன் அவன். எங்கள் தெருக்காரன். அவன் மனைவி ஆறுமுகத்தாய் அதே வேலையில் மண் சுமந்தாள்.

"இன்ஜினீயர் கேட்டா என்ன வே சொல்லுவ?" என்றேன் அவனிடம்.

"கேட்டா உள்ளதைச் சொல்லுவேன். கேக்கலேன்னா நான் ஏன் வே வாயத் தொறக்கப் போறேன்?"

"போன தடவை கேட்டாரே."

"வாயில வெத்தலை கெடந்துச்சு. தலைய ஆட்டுனேன். அது ஆமாவா இல்லையான்னு எனக்கே வெளங்கல. இந்தத் தடவை துப்பிட்டுத்தான் நிக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். கெட்டவன் இல்லை. பொய் வராது, அவ்வளவுதான்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு இன்ஜினீயர் வருவதாக இருந்தது. பதினொன்றுக்கு நான், கேபிளை இணைக்க மண்ணுக்குள் கட்டியிருந்த தொட்டியின் மூடியைத் திறந்தேன். எட்டடி ஆழம். மூன்று மாதம் மூடிக் கிடந்தது. அடியில் மழைத்தண்ணீர், அழுகிய இலை. கிணறு வெட்டுகிறவர்கள் செய்வது போல முதலில் விளக்கை இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றும் இறக்கினேன். பாதியிலேயே அணைந்தது. மேலே எடுத்து மறுபடி பற்றவைத்தேன்.

பலவேசம் வந்தான். "எரியுதா வே?"

கையிலிருந்த விளக்கைக் காட்டினேன். "நீதான் பாக்குறியே."

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். மறுமுனை என் கையில். ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கேபிளை இழு. மூன்று என்றால் என்னைத் தூக்கு.

கொஞ்ச நேரத்தில் மூன்று வந்தது. நான் கயிற்றைத் தளர்த்தினேன். மறுபடி மூன்று, பைய. பிறகு ஒன்று. ஒன்று என்றால் நிறுத்து. நான் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை, நிறுத்துவதற்கு.

நூறு வரை எண்ணிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். ஆறுமுகத்தாய் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து உள்ளே இறங்கப் பார்த்தாள். "விடுங்க அண்ணே, அவுக உள்ள கெடக்காக" என்று என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை. இறங்கியிருந்தால் அவளும் செத்திருப்பாள். ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதை யாரும் எழுதவில்லை.

இன்ஜினீயர் வந்தார். அளவுகோலை ஜீப்பிலிருந்து இறக்கவே இல்லை. வேலை தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.

நீங்களும் விசாரித்து, விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் உங்கள் அறிக்கையை என் வக்கீல் படித்துக் காட்டினார். 'உள்ளே காற்று கெட்டிருப்பதைச் சோதிக்கத் தெரியாத மேஸ்திரியின் அறியாமையால்' என்று ஒரு வரி இருக்கிறது. இருபது வருடமாக மண்ணுக்குள் ஆள் இறக்குகிறேன் ஐயா. விளக்கு அணைந்ததும் எனக்குத் தெரியும். மூன்று இழுப்பும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அந்த ஒரு வரியைத் திருத்திவிடுங்கள். அடுத்த மாதம் ஏரல் வேலை ஆரம்பிக்கிறது. வேலை தெரியாதவன் என்று எழுதியிருந்தால் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?