பெண்கள் நேரத்தில் நின்றிருந்த மோட்டார்

என் பெயர் சித்தி ஜனாபா, வயது 44, கணவர் பெயர் ரசீத், குடியிருப்பு மேலப்பாளையம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மற்ற எழுத்தும் கணக்கும் நானாகப் படித்துக்கொண்டது. எங்கள் தோட்டத்து நீச்சல் குளத்தில் தினமும் மாலை நான்கு மணிக்குப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நீச்சல் பழக்குகிறோம். அந்த நேரம் ஆண்கள் யாரும் காம்பவுண்டுக்குள் வருவதில்லை.

குளத்துக்குக் குளோரினும் ஆசிடும் தானாக விடும் மெஷின் இருக்கிறது. அதை மாட்டிய மெக்கானிக் தாஜ் முகம்மது, "மெஷினு தன் முன்னால நிக்குத தண்ணியத்தான் பாக்கும் மைனி, குளத்தப் பாக்காது. கையால பாக்காம பிள்ளையள எறக்காதிய" என்று சொல்லியிருந்தார். அதன்படி தினமும் இரு வேளை, தண்ணீர் தள்ளும் குழாய் வாயருகே முழங்கை ஆழத்தில் தண்ணீர் எடுத்து, சோதனைச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதுவேன். இந்தச் சம்பவம் வரை இரண்டு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கரண்ட் போய் மூன்றரைக்கு வந்தது. வந்ததும் மெஷின் தானாக ஓடும். குழாயில் தண்ணீர் தள்ளும் மோட்டாரை நாம்தான் போடவேண்டும். தாஜ் முகம்மது போன் செய்து, வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். "பொம்பளப் பிள்ளைய நிக்குத நேரம், வராதிய. மெஷினு பாத்துக்கிடும்" என்று சொன்னேன். அதன் பிறகு பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்னார்கள். தொழுகைக்கு நேரமாகிறதென்று தண்ணீரைத் தொடாமலே, காலையில் எழுதிய அளவையே மாலைக்கும் எழுதினேன். கையை விட்டிருந்தால் தண்ணீர் தள்ளாதது தெரிந்திருக்கும். பிள்ளைகளை நீச்சல் டீச்சர் டார்லினிடம் விட்டுவிட்டுத் தொழப் போனேன்.

தொழுதுவிட்டு வந்தபோது மோட்டார் சத்தம் இல்லை. மெஷினில் மருந்து விடும் விளக்கு இரண்டும் மின்னின. ஓடாத தண்ணீரைப் பார்த்து அது முக்கால் மணி நேரமாகக் குளோரினையும் ஆசிடையும் குழாய்க்குள் விட்டுக்கொண்டே இருந்திருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளை ஏறச் சொல்லாமல் மோட்டாரைப் போட்டேன். அதன் பிறகு குழாய் வாயிலிருந்து, இரண்டும் கலந்த விஷப் புகை மஞ்சள் பச்சையாகப் பொங்கி வந்தது. அங்கே தஸ்மியா நின்றாள், வயது 9. தண்ணீர் முதுகில் தள்ளுவது கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் இருக்கிறதென்று எப்போதும் அங்கேதான் நிற்பாள். இன்று நான்காம் நாள், இன்னும் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு விசாரணைக்கு வந்த ஏட்டையா என் நோட்டைப் பார்த்து, தண்ணீர் சரியாக இருந்திருக்கிறது, ஆகவே மெஷினில்தான் கோளாறு என்று தாஜ் முகம்மதை அழைத்துப் போனார். போகும்போது தாஜ் முகம்மது, "மைனி நோட்டு தப்பா இருக்காது சார், எங்கிட்டதான் ஏதோ பிசகு" என்றார். நான் அப்போது உண்மையைச் சொல்லவில்லை.

அந்த மாலை வரி பொய். ஸ்டேஷனுக்கு வந்து அதை அடித்து எழுதக் கேட்டேன். சாட்சிப் பொருள், தொடக்கூடாது என்றார்கள். ஆகவே இந்த வாக்குமூலத்தில் சொல்கிறேன். தாஜ் முகம்மது அன்று உள்ளே வரவில்லை. வரவிடாதது நான்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை.

(ஒப்பம்) சித்தி ஜனாபா