கடற்கரையில் நின்ற மாப்பிள்ளை

மன நிம்மதிக்கு என்ன விலை என்று கேட்டால், ஒரு மாத டேட்டா பேக்கின் விலை என்பேன், ஐயா. அதைப் போடாமல் இருந்திருந்தால் நிம்மதி என்னிடமே இருந்திருக்கும்.

என் தங்கை கணவரும் நானும் கூட்டாளிகள். பழ மொத்த வியாபாரம். போன வருஷம் கடை படுத்துவிட்டது. விஷயம் வெளியே தெரிந்தால் சரக்கு அனுப்புகிறவர்கள் நிறுத்திவிடுவார்கள். நான்தான் யோசனை சொன்னேன். "மாப்ள, பழைய டூர் படமெல்லாம் இருக்குல்ல, தினம் ஒண்ணு ஸ்டேட்டஸ்ல போடுங்க. நல்லா இருக்கோம்னு நெனச்சுக்கட்டும்."

"அழுகின பெட்டியில மேலாப்புல நல்ல பழம் அடுக்குற மாதிரியா மச்சான்?" என்று சிரித்தார்.

போட்டார். மலை, படகு, ஓட்டல் நீச்சல்குளம். சரக்கும் தவறாமல் வந்தது. ஆனால் தினமும் பார்க்கிறவர்களில் நானும் ஒருவன்தானே. எதிரே அழுக்குச் சட்டையோடு பெட்டி தூக்கியவர் எனக்கு மங்கிக்கொண்டே போனார். போனில் சிரித்தவர் துலக்கமானார். இந்த மனிதருக்கு ஏது இத்தனை வசதி? யார் கல்லாவில் கை வைக்கிறார்? தங்கையிடம் கேட்டேன்.

"அவர் மத்தியானச் சாப்பாட்டையே நிறுத்திட்டாருண்ணே. உனக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

அவளுக்கும் பங்கு போகிறது என்று புரிந்துகொண்டேன்.

அன்று காலை அவர் சொன்னார்: "மச்சான், குளிர் ரூம் கதவு உள்ளேருந்து திறக்க மாட்டேங்குது. பூட்டுறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க."

சாயங்காலம் பூட்டினேன். குரல் கொடுக்கவில்லை. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. "மச்சான்" என்றும் கேட்டது. அவர் போன் கல்லா மேசையில் கிடந்தது. என் போனை எடுத்துப் பார்த்தேன். சற்று முன் போட்ட ஸ்டேட்டஸ். கைகளை விரித்துக்கொண்டு கடற்கரையில் நிற்கிறார். கடற்கரையில் இருப்பவர் என் குளிர் அறையில் எப்படி இருக்க முடியும்? ஒரு லைக் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அவரை இன்னும் காணோம் என்று தங்கை போன் செய்தாள். ஸ்டேட்டஸைப் பார் என்றேன். மறுநாள் கடை விடுமுறை. அதற்கடுத்த நாள் கதவைத் திறந்தபோது இருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

அந்தப் படத்தை எடுத்தது யார் என்கிறீர்கள். நான்தான். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் மூன்று பேருமாகப் போனோம். டிக்கெட்டும் என் செலவு.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் பக்கம் நேராகத்தான் இருக்கிறது, ஐயா. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். பாக்கி அவர் பக்கம்தான். யார் பணத்தில் அந்தக் கடற்கரைக்குப் போனார் என்று கடைசி வரை அவர் சொல்லவே இல்லை.