அக்காவின் கொம்பு

எங்கள் வீட்டில் பால்தேத்தண்ணி நான்தான் நன்றாகப் போடுவேன். அதை யாரும் மறுப்பதில்லை.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின், எங்கள் ஹோம்புஷ் ஃபிளாட்டில் நான் வாய் திறந்து கதைப்பது சயந்தினி அக்காவோடு மட்டும்தான். வெளியில் யாராவது ஏதும் கேட்டால் எனக்காக அவளே பதில் சொல்வாள். ஆகவே அவளைப் பாதுகாப்பது என் பொறுப்பு.

கென்யாவில் ஒரு காப்பகத்தில், நான் காசு கட்டித் தத்தெடுத்த ஒரு காண்டாமிருகம் என் பெயரில் நிற்கிறது. அங்கிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். வேட்டைக்காரர் கொம்புக்காகத்தான் கொல்கிறார்கள். அதனால் காவலர்களே மயக்க ஊசி போட்டு, கண்ணைக் கட்டி, காதை அடைத்து, கொம்பை அறுத்துவிடுகிறார்கள். கொம்பும் நகம், மயிர் போன்றதுதான். வலிக்காது.

தை மாதம் மெல்பேண் கிளேட்டனிலிருந்து மிருணாளினி அன்ரி தன் மகன் அனுஷனுக்குப் பெண் பார்க்க வந்தார். அக்காவின் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இந்தக் காலத்திலை இவ்வளவு நீட்டுத் தலைமயிர் ஆருக்கு இருக்கு? மெல்பேணுக்கு வந்தாப்போலை வெட்டிப்போடாதையும் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்காவின் தேத்தண்ணியில் அம்மாவின் நித்திரைக் குளிசை மூன்றைக் கரைத்தேன். அவள் உறங்கியதும் சால்வையால் கண்ணைக் கட்டினேன். காதுகளில் அப்பாவின் காலுறைகள். உடம்பு சூடேறக் கூடாது என்று கடிதத்தில் இருந்ததால் முதுகில் தண்ணீர் ஊற்றினேன். குசினிக் கத்தரிக்கோலால் பின்னலை அடியோடு அறுத்தேன். எந்த மிருகம் என்று தெரிவதற்குக் காவலர்கள் காதிலும் வெட்டி அடையாளம் வைப்பார்கள். இடது காதில், தோடு போடும் இடத்தில், சின்னத் துண்டு.

வேலையால் வந்த அப்பா ஒன்றுதான் கேட்டார். "என்ரை காலுறை எதுக்கடி?" விளக்கினேன். கதிரையில் இருந்துவிட்டார்.

மயிர் வளரும் என்று அன்ரி பொறுத்துக்கொண்டார். வீடியோ அழைப்பில் காதைப் பார்த்ததும், "தோடு போடக் காதில்லாத பிள்ளையை எப்பிடி மணவறையிலை இருத்துறது?" என்றார். பிறகு அழைக்கவில்லை.

"நான் அனுஷனை விரும்பித்தானடி ஓம் எண்டனான்," என்று அக்கா அழுதாள். மயக்கம் தெளியும் காண்டாமிருகமும் கொஞ்ச நேரம் மரங்களில் முட்டும். காவலர்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இப்போது அக்கா என்னோடு கதைப்பதில்லை. அறையை உள்ளே பூட்டிக்கொண்டு படுக்கிறாள். நல்ல பழக்கம். வேட்டைக்காரர் நுழைய முடியாது. ஆனால் அறுத்த கொம்பு ஒன்றரை வருடத்தில் திரும்ப வளர்ந்துவிடும். அந்த அறைப் பூட்டைத் திறக்கும் மற்றத் திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.